நுரையீரல் நீரைப் பிறப்புப்பாதை பிழிவதில்லை

சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் நெஞ்சு ஏறி இறங்குகிறது. மூக்குத் துவாரங்கள் விரிகின்றன. மூச்சை விடும்போதெல்லாம் ஒரு முனகல். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்ற செய்தி வெளியே வருகிறது. காத்திருக்கும் பாட்டிக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "குழந்தை தண்ணி குடிச்சிருச்சும்மா" என்பது ஒன்று. "சுகப்பிரசவமா இருந்தா வர்ற வழியிலேயே நெஞ்சு அமுங்கித் தண்ணியெல்லாம் வெளிய வந்திருக்கும், ஆபரேஷன்ல அது நடக்காதில்ல" என்பது இன்னொன்று.

முதலாவது கேள்விப்பேச்சு. இரண்டாவதுக்கு அறிவியலின் சாயல் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான வகுப்புகளில் அதைச் சொல்கிறார்கள், பத்திரிகைகளின் தாய்மைப் பக்கங்களில் எழுதுகிறார்கள், படித்த மருத்துவர்களே சொல்கிறார்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிறப்புப்பாதை குழந்தையின் மார்பைப் பிழிந்து நுரையீரலை உலர வைக்கிறது என்பது அந்தக் கருத்து. அது தவறு. இந்தத் தவறு வகுப்பறையோடு நின்றிருந்தால் இப்படி ஒரு கட்டுரை தேவைப்பட்டிருக்காது. வலி வருவதற்கு முன்பே நாள் குறித்துக் குழந்தையை வெளியே எடுக்கும் பழக்கத்துக்கு இது துணைபோகிறது. அதனால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தலை வெளியே வந்து மார்பு இன்னும் உள்ளே இருக்கும் நேரத்தில் குழந்தையின் வாயிலும் மூக்கிலும் நீர் வழிவதை மருத்துவச்சிகள் காலங்காலமாகப் பார்த்திருக்கிறார்கள். சிசேரியன் குழந்தைகளின் நுரையீரலில் நீர் அதிகம் தங்குகிறது என்பதும் உண்மை. பார்த்தவை இரண்டும் சரி. இரண்டையும் முடிச்சுப்போட்ட விதம்தான் பிழை.

அந்த நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பனிக்குட நீரைத்தான் சிசு மூச்சோடு உள்ளே இழுத்து வைத்திருக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1941இல் பாட்டர், போலெண்டர் என்ற இரு ஆய்வாளர்கள், மூச்சுக்குழல் பிறவியிலேயே அடைபட்டிருந்த சிசுக்களைக் கவனித்தார்கள். அடைப்புக்கு அப்பால் இருந்த நுரையீரல் பகுதியில் நீர் நிறைந்து விரிந்திருந்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் நுழைய வழியில்லாத இடம் அது. 1948இல் பிரான்சில் ஜோஸ்ட், பொலிகார் இருவரும் கருவிலிருந்த முயல்குட்டிகளின் மூச்சுக்குழலைக் கட்டிவிட்டுப் பார்த்தபோது நுரையீரல் வற்றவில்லை, ஊதிப் பெருத்தது. நீரைச் சுரப்பது நுரையீரலேதான்.

அந்த நீரின் கலவையும் இதையே சொல்கிறது. அதில் குளோரைடு இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். புரதமோ ஏறக்குறைய இல்லை. இரத்தத்திலிருந்து கசிந்ததாக இருந்தால் புரதம் கூடவே வந்திருக்கும். பனிக்குட நீராக இருந்தால் அதன் உப்புகளோடு ஒத்துப்போயிருக்கும். இரண்டும் இல்லை. நுரையீரலின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் செல்கள் குளோரைடைக் காற்றறைக்குள் தள்ளுகின்றன, அதைத் தொடர்ந்து சோடியமும் நீரும் போகின்றன என்பதை லண்டனில் ஆல்வரும் ஸ்ட்ராங்கும் 1974இல் செம்மறியாட்டுக் கருவில் காட்டினார்கள். ஆட்டுக்குட்டியில் இந்தச் சுரப்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 4 முதல் 5 மில்லிலிட்டர் வரை. அந்தக் கணக்கை மூன்று கிலோ குழந்தைக்குப் பொருத்தினால் நாளொன்றுக்கு 300 மில்லிலிட்டர் அளவுக்கு வரும்.

இது கழிவு நீரும் அல்ல. நுரையீரல் வளர்வதே இந்த நீர் உள்ளிருந்து கொடுக்கும் விரிவால்தான். கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளின் மூச்சுக்குழலிலிருந்து நீரைத் தொடர்ந்து வடித்தபோது நுரையீரல் சிறுத்துப் போனது. குழலைக் கட்டியபோது பெரிதாக வளர்ந்தது. 1977இல் வெளியான அந்த ஆய்வின் பாடம் இன்று மனிதச் சிகிச்சையாகியிருக்கிறது. உதரவிதானத்தில் ஓட்டையோடு வளரும் சிசுவின் மூச்சுக்குழலில், தாயின் வயிற்றில் இருக்கும்போதே சிறு பலூன் ஒன்றை வைத்து நீரைத் தேக்கி நுரையீரலை வளர்க்கிறார்கள்.

இப்போது பிழிதல் கருத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த நீர், உயிருள்ள செல்கள் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வேலையின் விளைவு. மார்பை எவ்வளவு அழுத்தி எவ்வளவு நீரை வெளியேற்றினாலும், அந்த வேலை நிற்காதவரை அறைகள் மறுபடி நிறையும். ஆக, குழந்தை மூச்சுவிட வேண்டுமானால் அழுத்தம் போதாது. சுரந்துகொண்டிருக்கும் செல்கள் சுரப்பதை நிறுத்திவிட்டு உறிஞ்சத் தொடங்க வேண்டும். நுரையீரல் தன் தொழிலையே திருப்பிப்போட வேண்டும்.

எந்த உத்தரவின் பேரில் அது திரும்புகிறது? 1978இல் வால்டர்ஸும் ஆல்வரும் தாயின் வயிற்றில் இருக்கும் ஆட்டுக்குட்டிக்கு அட்ரினலினைச் செலுத்தினார்கள். சுரப்பு நின்றது, நிறைமாதத்தை நெருங்கிய குட்டிகளில் உறிஞ்சல் தொடங்கியது. அட்ரினலினைத் தடுக்கும் புரோப்ரனலாலைக் கொடுத்தால் அந்த விளைவு நிகழவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இதே குழுவினர் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். பிரசவ வலி தானாகத் தொடங்கியபோதும் இதே திருப்பம் நடந்தது. அமிலோரைடு என்ற மருந்தை நுரையீரல் நீரில் கலந்தபோது உறிஞ்சல் தடைபட்டது. அமிலோரைடு சோடியம் செல்லும் வாயிலை அடைக்கும் மருந்து. அட்ரினலின் வந்ததும் செல்கள் காற்றறைப் பக்கமுள்ள சோடியம் வாயில்களைத் திறக்கின்றன, உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கம் இரத்தத்தை நோக்கித் தள்ளுகின்றன, நீர் சோடியத்தின் பின்னே போகிறது என்பது இதிலிருந்து தெளிவானது.

ஒன்றைக் கவனியுங்கள். அட்ரினலின் கொடுத்த அந்தக் குட்டிகள் பிறக்கவே இல்லை. கருப்பைக்குள் இருந்தன. எந்தப் பாதை வழியாகவும் வரவில்லை, எதுவும் அவற்றின் மார்பை அழுத்தவில்லை, ஒரு மூச்சுகூட இழுக்கவில்லை. நுரையீரல் நீரோ குறைந்தது.

ரிச்சர்ட் பிளாண்ட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1970களின் இறுதியில் முயல்களில் செய்த ஒப்பீடு இதைவிட நேரடியானது. வலி தொடங்கிய பிறகு வயிற்றைக் கீறி எடுத்த குட்டிகளின் நுரையீரலில், வலி வராமலே எடுத்த குட்டிகளைவிட நீர் குறைவாக இருந்தது. இரண்டு கூட்டமும் கத்தி வழியாக வந்தவைதான். வித்தியாசம் வலி மட்டுமே.

சோடியம் வாயிலின் மரபணுக்கள் 1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கண்டறியப்பட்டன. 1996இல் அதே நகரில் எடித் ஹம்லரும் கூட்டாளிகளும் அந்த வாயிலின் ஒரு முக்கியக் கூறு இல்லாத எலிக்குட்டிகளை உருவாக்கினார்கள். பிறந்த குட்டிகள் மூச்சுத்திணறி 40 மணி நேரத்துக்குள் இறந்தன. நுரையீரலில் நீர் அப்படியே இருந்தது. அவற்றின் மார்புக்கூட்டில் குறையில்லை. ஒரு புரதம் இல்லை, அவ்வளவுதான்.

விலங்குகளின் கதை மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜில் 1995இல் வெளியான கணக்கு இருக்கிறது. 37 வாரம் நிறைந்த பிறகு பிறந்த 33,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை மாரிசன், ரென்னி, மில்டன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். இயல்பான வழியில் பிறந்தவர்களில் மூச்சுக் கோளாறு ஆயிரத்துக்கு 5.3. வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்யப்பட்டவர்களில் 35.5. வலி கண்டபின் சிசேரியன் செய்யப்பட்டவர்களில் 12.2.

இந்தக் கடைசி எண்ணில்தான் பிழிதல் கருத்து உடைகிறது. பிறப்புப்பாதையைத் தாண்டி வராத குழந்தைகள் இரண்டு கூட்டமாக இருக்கின்றன. பாதையின் அழுத்தம்தான் காரணமென்றால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு கோளாறு வந்திருக்க வேண்டும். வலி கண்ட கூட்டத்துக்கு அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது ஏன்? வலியின்போது குழந்தையின் இரத்தத்தில் அட்ரினலினும் அதன் இனத்து ஹார்மோன்களும் பெருகுகின்றன. குழந்தைக்கும் அது உழைப்பு நேரம். நுரையீரலுக்கு உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது. 12.2க்கும் 5.3க்கும் இடையில் மிஞ்சும் வித்தியாசத்தைப் பாதைக்குக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். வலிக்கு நடுவில் அவசரமாகச் சிசேரியன் செய்யப்படுவதே குழந்தைக்கோ தாய்க்கோ ஏதோ சிக்கல் என்பதால்தான். அந்தச் சிக்கல்களும் மூச்சைப் பாதிக்கக்கூடியவை. பாதைக்கு ஏதேனும் பங்கு மிஞ்சினாலும் அது சிறியது.

அதே ஆய்வில் இன்னொரு வரிசை. வலிக்கு முன் செய்த சிசேரியனில், 37ஆம் வாரத்தில் மூச்சுக் கோளாறு ஆயிரத்துக்கு 73.8, 38ஆம் வாரத்தில் 42.3, 39ஆம் வாரத்தில் 17.8. இந்த மூன்று வாரத்துக் குழந்தைகளில் யாரையும் பிறப்புப்பாதை அழுத்தவில்லை. இழந்த அழுத்தம் ஒன்றே. பிறகு எப்படி இரண்டே வாரத்தில் ஆபத்து நான்கில் ஒரு பங்குக்குச் சரிந்தது? கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கார்டிசோலும் தைராய்டு ஹார்மோனும் நுரையீரலைப் பழக்குகின்றன. சோடியம் வாயில்கள் பெருகுகின்றன. அட்ரினலினுக்குப் பணியும் திறன் கூடுகிறது. இளம் ஆட்டுக்கருவுக்கு அதே அட்ரினலினைக் கொடுத்தாலும் நுரையீரல் சரியாகப் பணியாததை லண்டன் குழு முன்பே கண்டிருந்தது. 2008இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலிருந்து வந்த பெரிய ஆய்விலும் இதே சரிவுதான்: திட்டமிட்ட சிசேரியனில் மூச்சுக் கோளாறு 37ஆம் வாரத்தில் 10 சதவீதம், 38இல் 5.1, 39இல் 2.1.

பிரிட்டனில் 2005இல் வெளியான ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் திட்டமிட்ட சிசேரியனுக்கு முன் தாய்க்கு பீட்டாமெத்தசோன் ஊசி போட்டார்கள். மூச்சுத்திணறலால் சிறப்புப் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 5.1 சதவீதத்திலிருந்து 2.4ஆகக் குறைந்தார்கள். ஊசி யாருடைய நெஞ்சையும் பிழிவதில்லை. நுரையீரல் செல்களை முதிர வைக்கிறது. ஆனால் இதையே வசதியாகப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டுவிட்டு 37இல் எடுத்துவிடலாமே என்று கிளம்பக் கூடாது. அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு செய்த பின்தொடர் ஆய்வில், ஊசி பெற்றவர்களில் அதிகம் பேரைப் படிப்பில் கடைநிலையில் இருப்பதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். காத்திருக்க முடியும்போது ஊசி தேவையில்லை.

என் பக்கத்துக்கு எதிரான சான்றுகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சோடியம் வாயில் பிறவியிலேயே பழுதான மனிதக் குழந்தைகள் உண்டு. எலிக்குட்டிகளைப்போல் அவர்கள் பிறந்தவுடன் மூழ்கி இறப்பதில்லை. மூச்சுக்குழல்களில் ஈரம் மிகுந்து, சிறுவயதில் அடிக்கடி நெஞ்சுச் சளியால் அவதிப்படுகிறார்கள். ஆகவே மனிதருக்கு இந்த வாயில் ஒன்றே வழியல்ல. இன்னொரு வழி எது என்பதை ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் ஹூப்பரின் குழு காட்டியது. ஜப்பானில் உள்ள ஸ்பிரிங்-8 என்ற பெரும் எக்ஸ்ரே நிலையத்தில், பிறந்த முயல்குட்டிகள் முதல் மூச்சுகளை இழுப்பதைப் படம்பிடித்தார்கள். ஒவ்வொரு மூச்சிழுப்பிலும் நீர் படிப்படியாகக் காற்றறைகளின் சுவரைத் தாண்டி அக்கம்பக்கத் திசுவுக்குள் போனது. அங்கிருந்து இரத்தக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் சில மணி நேரத்தில் அதை எடுத்துக்கொள்கின்றன. முதல் நிமிடங்களில் மூச்சின் இழுப்பும், அதற்கு முன்னும் பின்னும் சோடியம் வாயில்களும் வேலை செய்கின்றன என்று கொள்வதே இன்றைய அறிவுக்கு ஒத்தது. பிரசவத்தின்போது குழந்தையின் வாய்வழியே வழியும் நீரைக்கூட, கருப்பை சுருங்கி சிசுவின் உடலை வளைப்பதால் வருவது என்றே ஹூப்பர் போன்றவர்கள் விளக்குகிறார்கள். மூச்சா, சோடியமா, எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு நீடிக்கிறது. குழந்தையின் நுரையீரலே இந்த வேலையின் கர்த்தா என்பதில் இரு தரப்பும் ஒன்று.

இது பிறந்த நாளோடு முடிந்துபோகும் ஏற்பாடும் அல்ல. இதயம் தளர்ந்தோ தொற்று பரவியோ நுரையீரலில் நீர் கோர்த்த பெரியவர்களுக்கும், அந்த நீரைக் காற்றறையிலிருந்து திரும்ப எடுப்பது இதே சோடியம் வாயில்கள்தான். கடும் நுரையீரல் காயத்தில் இந்த உறிஞ்சல் குலையாத நோயாளிகளே அதிகம் பிழைக்கிறார்கள் என்பதை சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் மத்தாயின் குழு காட்டியிருக்கிறது.

தவறான கருத்து தவறான கைவேலையைக் கொண்டுவருகிறது. நீர் குழாயில் தேங்கி நிற்பதாக நினைப்பவர் அதை உறிஞ்சி எடுக்கப் பார்ப்பார். குழந்தை பிறந்தவுடன் வாயிலும் மூக்கிலும் குழாயை விட்டு உறிஞ்சுவது இதிலிருந்து வந்த வழக்கம். அந்தக் குழாய் தொண்டையைத் தாண்டாது. நீர் இருப்பதோ லட்சக்கணக்கான காற்றறைகளில். பனிக்குட நீர் தெளிவாக இருந்து, குழந்தை தானாக மூச்சுவிட்டால் வாயையும் மூக்கையும் உறிஞ்சக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொல்லிவிட்டது. சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு கொடுத்து நீரை வடிக்கவும் முயன்று பார்த்தார்கள். நோய் சீக்கிரம் தீரவில்லை. குழந்தை மருத்துவர் மேரி எலன் ஏவரி 1966இல் இந்த மூச்சிரைப்பை முதன்முதலாக விவரித்தபோதே நீர் உறிஞ்சப்படுவதில் தாமதம் என்றுதான் ஊகித்தார். நோய்க்குப் பெயர் வைத்தவரே சரியான திசையைக் காட்டியிருக்க, நாம் வேறு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கதையின் மிகப் பெரிய கேடு, குற்றத்தை இடம் மாற்றிவிடுவது. பாதைதான் பிழிகிறது என்றால், சிசேரியன் என்றாலே இப்படித்தான், யாரும் எதுவும் செய்வதற்கில்லை என்றாகிவிடுகிறது. குழந்தை தண்ணீர் குடித்தது என்றால், தாய் சரியாக முக்கவில்லை என்ற பழி அடுத்து வருகிறது. எந்த வாரத்தில், வலி வந்தா வராமலா எடுத்தீர்கள் என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தமிழ்நாட்டில் அதைக் கேட்கக் காரணம் அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் 34.1. தாயையும் குழந்தையையும் காப்பாற்ற அவசியமான சிசேரியனை நான் எதிர்க்கவில்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருந்தாலோ, தாயின் இரத்த அழுத்தம் எகிறினாலோ, சிசுவின் இதயத்துடிப்பு குறைந்தாலோ வாரக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அப்போது மூச்சிரைப்பு சிறிய விலை. நான் எதிர்ப்பது, எந்த அவசரமும் இல்லாதபோது, முதல் பிரசவம் சிசேரியன் என்பதால் இதுவும் சிசேரியன் என்று முடிவான பிறகு, பஞ்சாங்கத்தைப் பார்த்து, அஷ்டமி நவமி தள்ளி, நட்சத்திரம் பொருந்தும் நாளாக 37ஆம் வாரத்திலோ 38இலோ ஒன்றைக் குறிப்பதை. வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் விடுமுறைக்காகவும் குறிக்கும் நாள்களும் இதில் சேரும். நாள் குறித்துத் தரும் ஜோசியருக்கு நுரையீரலைப் பற்றித் தெரியாது. அந்த நாளுக்குத் தலையாட்டும் மருத்துவருக்குத் தெரியும். என் கோபம் அவர்மீதுதான். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் திட்டமிட்ட சிசேரியன் வேண்டாம் என்று அமெரிக்க, பிரிட்டன் வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. அதை அவர் படித்திருப்பார்.

இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் மூச்சிரைப்புக்கு இவ்வளவு ஆரவாரமா என்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும், உண்மை. அந்த இரண்டு மூன்று நாள் குழந்தை தாயின் மார்பில் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. சீம்பால் தாமதமாகிறது. தொற்றா நீரா என்று உடனே பிரித்தறிய முடியாததால் ஊசி வழியே ஆன்டிபயாட்டிக் ஏறுகிறது. தையல் வலியோடு தாய் வேறு அறையில் கிடக்கிறாள். தனியார் மருத்துவமனையென்றால் ஒவ்வொரு நாளுக்கும் பணம். ஒருசில குழந்தைகளுக்கு நுரையீரல் இரத்தக்குழாய்களின் அழுத்தம் இறங்காமல் வென்டிலேட்டர் வரை போகிறது. இதில் எதுவும் ஒரு நல்ல நட்சத்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை அல்ல.

திட்டமிட்ட சிசேரியன் உங்கள் வீட்டில் வரவிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்: முதல் மூன்று மாத ஸ்கேன் கணக்கில் அந்த நாளன்று எத்தனை வாரம் நிறைந்திருக்கும்? 39 நிறையும்வரை காத்திருக்க முடியாத மருத்துவக் காரணம் என்ன? முன்கூட்டியே வலி வந்துவிட்டால் எந்த நேரத்திலும் அறுவைசிகிச்சைக்கு வசதி இருக்கிறதா? காரணம் இருந்தால் அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். காரணம் இல்லையென்றால் நாளைத் தள்ளிவையுங்கள்.